பழைய கடையை இடிக்கும் முன் அளந்துவிடுங்கள்

விழுப்புரம் எம்.ஜி. சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ விக்கிரவாண்டி கடைத்தெருவிலோ நாற்பது ஐம்பது வருஷத்துக் கடைக் கட்டடம் வைத்திருப்பவர், இனி இடித்துக் கட்டலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் கூப்பிடுவது இன்ஜினியரை. பிறகு வாடகைதாரர்களிடம் பேச்சு, அதன் பிறகு ஜே.சி.பி. கடைக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் பக்கத்து மனைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். சர்வேயர் நினைவு அப்போதுதான் வரும். இந்த வரிசையை மாற்றி, சர்வேயரை முதலில் கூப்பிடச் சொல்வதற்கே இந்த அத்தியாயம்.

காலி மனையை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். பழைய கட்டடம் நிற்கும் மனை அப்படியல்ல. எல்லைக் கல் தரைக்கடியில் புதைந்திருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். பத்திரத்தில் பெயர் சொல்லப்பட்ட பக்கத்துக்காரர் காலமாகி, அவர் பேரன் கடை நடத்திக்கொண்டிருப்பார். எல்லை எது என்பதற்கு மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய சுவர்தான். அதை இடித்துவிட்டு எல்லையைத் தேடினால், காகிதத்தை வைத்துக்கொண்டு வாதாடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்தக் காகிதங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

பத்திரம், பட்டா, தரை

நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். எண்கள் நாம் வைத்துக்கொண்டவைதான், ஆனால் இந்தப் பக்கத்தில் இதே மாதிரி கணக்கு வருவது சகஜம். பத்திரத்தில் அகலம் 40 அடி, ஆழம் 110 அடி. ஆக 4,400 சதுர அடி, பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நாலுவழிச் சாலைக்காக முன்பக்கம் 3 மீட்டர் எடுக்கப்பட்டு, உட்பிரிவு செய்யப்பட்ட பிறகு பட்டாவில் நிற்பது 0 ஹெக்டேர் 3.72 ஏர், அதாவது 372 சதுர மீட்டர், சுமார் 4,004 சதுர அடி. தரையில் டேப் பிடித்தால் சுவர் முதல் சுவர் வரை 38 அடி 9 அங்குலம், ஆழம் 100 அடி 6 அங்குலம். பெருக்கினால் 3,894.

கட்டட அனுமதி கேட்டுப் போகும்போது பத்திரம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ அதையே மனையின் பரப்பாக எடுத்துக்கொள்வார்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, அடுக்குமாடி உயரத்துக்குப் போகாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்பு விகிதம், அதாவது நம் இன்ஜினியர்கள் சொல்லும் எஃப்.எஸ்.ஐ., பொதுவாக 2. பத்திரத்தை நம்பிப் போட்ட வரைபடத்தில் 8,800 சதுர அடி கட்டலாம் என்று இருக்கும். கிடைக்கப்போவது 7,788. ஆயிரத்துப் பன்னிரண்டு சதுர அடி கடை காகிதத்திலேயே கரைந்துபோனது. அந்த இடத்துக்கும் சேர்த்து முன்பணம் வாங்கியிருந்தால், அல்லது அதைக் காட்டி வங்கிக் கடன் கேட்டிருந்தால், தலைவலி அங்கேதான் தொடங்கும்.

பரப்பை விடவும் அகலம்தான் கடைக்காரருக்கு முக்கியம். பரப்பில் நூறு சதுர அடி குறைந்தால் வாடகையில் கொஞ்சம் குறையும். முகப்பில் ஒன்றேகால் அடி குறைந்தால் பக்க இடைவெளி விடுவதற்கும், மாடிப்படி வைப்பதற்கும், வண்டி நுழைவதற்கும் சேர்த்து முழு வரைபடமும் மாறும். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் பக்க இடைவெளி விதி வேறு. அதை வரைபடம் போடும் முன்பே நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த மூன்றும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று தெரிந்துகொண்டால், எதை எங்கே திருத்த வேண்டும் என்பதும் தெரியும். பழைய பத்திரங்களில் அளவு பெரும்பாலும் எழுத்தர் கேட்டு எழுதியது. 'ஜாதியடி' என்று இருக்கும், சில இடங்களில் 'குழி' என்று இருக்கும். குழி ஊருக்கு ஊர் மாறும் அளவு, அதை அப்படியே சதுர அடியாக மாற்றிவிடாதீர்கள். சுவரையும் சேர்த்த அளவா, உள்ளளவா என்பது எழுதப்பட்டிருக்காது. அரசுக் கணக்கு வேறு பாதையில் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் 66 அடிச் சங்கிலி, அதில் நூறு கண்ணி, ஒரு கண்ணி 7.92 அங்குலம் என்ற கணக்கில் புலங்கள் அளக்கப்பட்டன. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கணக்குகள் புதுப்பிக்கப்பட்டு, ஹெக்டேர், ஏர் என்று வந்துவிட்டன. ஆகவே தாய்ப்பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் இன்றைய சர்வே எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் இணைத்துக் காட்டும் கணக்கை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், உங்கள் இடம் எந்தக் கணக்கில் இருக்கிறது? விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகளில் நகர அளவை நடந்த பகுதிகளுக்கு வார்டு, பிளாக், நகரப் புல எண் என்ற கணக்கு உண்டு. அங்கே பட்டாவின் இடத்தில் நகர நிலவரிப் பதிவேட்டு நகல், டி.எஸ்.எல்.ஆர்., பேசும். பேரூராட்சியிலும் நகரை ஒட்டிய ஊராட்சியிலும் கிராம சர்வே எண்ணையும் புலப்படத்தையும் பார்க்க வேண்டியிருக்கலாம். பழைய ஊர் நடுவில் இருக்கும் கடைத்தெரு நத்தமாக இருந்தால் நத்தம் நிலவரித் திட்டக் கணக்கு. மூன்றில் எது என்று தெரியாமல் மனு போட்டால், தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் நிற்பீர்கள். இணையத்தில் அரசின் இ-சேவைப் பக்கத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம், நகர நிலவரிப் பதிவேடு எல்லாமே பார்க்கக் கிடைக்கின்றன. முதல் அரை மணி நேரத்தை அங்கே செலவழிக்கலாம்.

புலப்படத்தைத் தரவிறக்கியதும் ஒரு எச்சரிக்கை. தாளில் அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அச்சு இயந்திரம் தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கியிருக்கும், அளவுத்திட்டம் அப்போதே பொய்யாகிவிடும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் எண் மட்டுமே நம்பத்தக்கது. அதோடு, கோடுகளின் நீளம் மட்டும் போதாது. அடிக்கோட்டிலிருந்து மூலைகளுக்கு எடுத்த குத்தளவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் மனை சதுரமா, சாய்சதுரமா என்று தெரியும். நான்கு பக்கமும் சரியாக இருந்து, மூலைவிட்டம் மட்டும் இரண்டு அடி வித்தியாசப்படும் கடைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. பின்னால் போகப்போகக் குறுகும் மனையைச் சிம்ம முகம், வியாபாரத்துக்கு விசேஷம் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லுவார். தூண்களை நேர்வரிசையில் நிறுத்தப் பார்க்கும் இன்ஜினியரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

'ரோட்டுக்கு மேற்கு'

நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களில் பத்திரத்தின் நான்கெல்லையில் ஒன்று கட்டாயம் இப்படித்தான் இருக்கும்: 'சென்னை – திருச்சி ரோட்டுக்கு மேற்கு.' பார்க்கத் தெளிவான எல்லை. இரண்டு கோளாறு அதில் உண்டு.

ஒன்று, திசை. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் போகும் சாலை நேர் வடக்கு தெற்காகப் போவதில்லை, வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து போகிறது. பத்திரம் எழுதியவர் சாலையை வைத்தே திசை சொல்லியிருப்பார். திசைகாட்டியோடு வரும் இளம் அளவர் உண்மையான வடக்கை வரைந்தால், பத்திரத்தின் கிழக்கெல்லை அவர் படத்தில் தென்கிழக்கில் போய் உட்காரும். படத்தில் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள், பின்னால் வக்கீலுக்கும் வங்கிக்கும் விளக்குவது எளிது.

மற்றது பெரிய விஷயம். பத்திரம் எழுதியபோது அந்த ரோடு இருவழிச் சாலை. அது அகன்றுவிட்டது. எல்லையாகச் சொன்ன ரோடே உங்கள் மனைக்குள் நகர்ந்து வந்திருக்கிறது. சென்னை – திருச்சி சாலை நாலுவழியானபோது ஓரத்து நிலங்கள் எடுக்கப்பட்டன. விக்கிரவாண்டியிலிருந்து பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலைக்கும் நில எடுப்பு நடந்தது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன் 3-ஏ பிரிவில் எடுக்கும் எண்ணம் அறிவிக்கப்படும். ஆட்சேபனைக்கு 21 நாள். 3-டி பிரிவில் பிரகடனம் வெளியானதும் அந்தப் பரப்பு எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசைச் சேர்ந்துவிடும். நஷ்டஈடு வாங்கினீர்களா, இல்லையா, கூடுதல் கேட்டு வழக்கு நடக்கிறதா என்பது வேறு கதை. நிலம் போனது போனதுதான்.

ஆனால் பத்திரத்தில் அது போகாது. 1980-இல் எழுதிய கிரயப் பத்திரம் இன்னும் 4,400 என்றே சொல்லும். அப்பா நஷ்டஈடு வாங்கியது பிள்ளைகளுக்குத் தெரியாமல், பாகப்பிரிவினையிலும் அதே 4,400-ஐ மூன்றாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஆகவே நெடுஞ்சாலை ஓரச் சொத்து என்றால், 3-டி அறிவிக்கையில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே எத்தனை சதுர மீட்டர் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நில எடுப்பு அலுவலகத்தில் கேட்டால் நகல் கிடைக்கும். அந்த உட்பிரிவு பட்டாவில் ஏறியிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். ஏறாமல் இருந்தால் பட்டாவும் பொய் சொல்லும், தரை மட்டுமே உண்மை சொல்லும். 'பட்டா என் பேரில் இருக்கிறதே' என்று சாலை நிலத்தில் ஷட்டர் போட்டவர்கள், அந்தப் பட்டாவைக் காட்டி அனுமதி வாங்க முடிவதில்லை.

அளவைப் படத்தில் சாலையின் பக்கம் காலியாக விடப்பட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். சாலையின் நடுக்கோடு, நடுத்திட்டு, அணுகுசாலை, வடிகால், நெடுஞ்சாலைத் துறை எல்லைக் கல் எல்லாம் அதில் வர வேண்டும். நெடுஞ்சாலையில் எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்பது நடுக்கோட்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. வணிகக் கட்டடத்துக்கு வாகனம் நுழையும் வழிக்குத் தனி அனுமதி வேண்டும், அதற்கும் இந்தப் படமே அடிப்படை. விக்கிரவாண்டியில் பேருந்துகள் நிற்கும் பயணவழி உணவகம் நடத்த நினைப்பவருக்கு, சமையலறையை விடச் செலவு வைக்கக்கூடியது இந்த நுழைவழிதான்.

ஊருக்குள் இருக்கும் தெருக்களிலும் சாலை அகலம் பேசும். கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்கும் அதிகப்படித் தளப்பரப்பு, சாலை அகலத்தைப் பொறுத்தே கிடைக்கும். கணக்கில் 12 மீட்டர் என்றிருக்கும் தெரு, படிக்கட்டும் சாக்கடைப் பலகையும் போக 9 மீட்டரே இருக்கலாம். உங்கள் கடை முன் மட்டும் அளந்து பயனில்லை. தெருவின் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரயில் பாதையை ஒட்டிய மனைகளுக்கு இன்னொன்று: ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அந்த 30 மீட்டர் தண்டவாளத்திலிருந்து அல்ல, ரயில்வே நில எல்லையிலிருந்து.

சர்வேயர் வரும் நாள்

இரண்டு பேர் அளக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு வேலை. அரசு நில அளவர் அளந்து கல் காட்டினால்தான் அது எல்லை. அதற்கு இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். ஊரில் இதை எஃப்-லைன் அளப்பது என்பார்கள். தனியார் அளவர் டோட்டல் ஸ்டேஷனோ டி.ஜி.பி.எஸ். கருவியோ கொண்டு போட்டுத் தரும் படம், வரைபடம் தயாரிக்க உதவும் துல்லியமான படம். ஆனால் எல்லைத் தகராறில் அதற்கு அரசு அளவையின் அந்தஸ்து கிடையாது. கைபேசிச் செயலியில் மனையைச் சுற்றி நடந்து பரப்பு காட்டுபவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதில் சில மீட்டர் பிழை சாதாரணம், உங்கள் சண்டையோ சில அங்குலத்துக்கு.

அரசு அளவர் வரும் தேதிக்கு முன், அக்கம்பக்கத்தவருக்கு அறிவிப்பு போகும். அது போனால் மட்டும் போதாது, நீங்களும் நேரில் போய்ச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்று நடப்பது இப்படி இருக்கும். அளவர் முச்சந்திக் கல்லைத் தேடித் தெருமுனைக்குப் போவார். அது மூன்று கிராமமோ மூன்று புலமோ சேரும் இடத்தின் கல், அங்கிருந்துதான் உங்கள் மூலைக்கு வர முடியும். கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீக்கடை மேடை. கடப்பாரையால் தட்டிப் பார்த்து, சிமென்ட் தளத்தை ஒரு சாண் உடைத்தால் கல்லின் தலை தெரியும். அதற்குள் கூட்டம் கூடிவிடும். உங்கள் சுவரோரம் டேப் நீளும்போது பக்கத்துக் கடைக்காரர் வெளியே வருவார்: "என்னண்ணே, எங்க பக்கமும் அளக்குறீங்க? எங்கப்பா காலத்துச் சுவரு இது." அளவர், "சும்மா கணக்குக்குத்தாண்ணே, உங்களுது உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். அந்த ஒரு வாக்கியத்தை முந்தின நாளே நீங்கள் சொல்லியிருந்தால் வேலை ஒரு மணி நேரம் மிச்சம்.

வாடகைதாரர்களின் பயம் வேறு. டேப் உள்ளே வந்தாலே காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று நினைப்பார்கள், அது தவறும் அல்ல. ஒவ்வொரு கடையின் உள்ளளவையும் தனித்தனியாக எடுத்து, அவரவர் கையெழுத்தோடு ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடத்தில் இடம் தருவதாகப் பேசினால் 'முன்பிருந்த அளவு' எது என்பதற்கு அதுதான் ஆதாரம். அடிமனை வாடகைக்குக் கொடுத்து, கட்டடத்தை வாடகைதாரரே கட்டியிருந்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. 1921-ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சென்னையோடு நிற்கவில்லை, பல நகராட்சிகளுக்கும் விரிக்கப்பட்டது. அதன்கீழ் குத்தகைதாரர் நிலத்தையே விலைக்குக் கேட்டிருந்தால், எவ்வளவு இடம் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். அந்த மாதிரி இடத்தில் வக்கீலைக் கேட்காமல் அளவரைக் கூப்பிட வேண்டாம்.

கோயில் அடிமனையில் நிற்கும் கடைகளும் நம் ஊர்களில் உண்டு. அறநிலையத் துறை 2021 முதல் ரோவர் கருவி கொண்டு கோயில் நிலங்களை அளந்து கல் நட்டு வருகிறது. உங்கள் பின்பக்கச் சுவருக்கு அப்பால் கோயில் நிலம் என்றால், அந்த அளவையின் முடிவோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏரி, வாய்க்கால் புறம்போக்கை ஒட்டிய மனைக்கு இது இன்னும் கட்டாயம். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், ஏரி எல்லையை அளந்து அறிவித்து ஆக்கிரமிப்பை அகற்ற வழிசெய்கிறது. பழைய கட்டடத்தை யாரும் கேட்காமல் விட்டிருக்கலாம். புதிதாக அனுமதி கேட்டு மனு போடும் நாளில் அந்தக் கேள்வி தானாக எழும்.

அனுபவ உரிமை பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தனியார் நிலத்தில் 12 ஆண்டு, அரசு நிலத்தில் 30 ஆண்டு என்று வரம்புச் சட்டம் சொல்வதைக் கடைத்தெருவில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வெறுமே இருந்ததால் உரிமை வராது, உரிமையாளர் அறிய வெளிப்படையாக, அவருக்கு எதிராக இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற மறுபாதியை யாரும் சொல்வதில்லை. எப்படியானாலும், அந்த அனுபவத்துக்குச் சாட்சி நிற்கும் சுவர்தான். அதை நீங்களே இடித்துவிட்டால், அளந்து வைத்த படமும் தேதியிட்ட புகைப்படமும் மட்டுமே மிஞ்சும்.

சுவர் யாருடையது

பழைய கடைத்தெருக்களில் இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே சுவர் இருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய, ஒன்றரை அடி தடிமனான சுவர். அது முழுக்க உங்களுடையதா, பாதியா, பக்கத்தவருடையதா என்பதைப் பத்திரம் சில சமயம் 'பொதுச்சுவர்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்திருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. அளவர் சுவரின் இரு முகங்களையும் தனித்தனிக் கோடாகக் குறிக்க வேண்டும், ஒற்றைக் கோடாக அல்ல. ஒன்பது அங்குலம் இங்கேதான் காணாமல் போகிறது.

அடியில் மட்டும் அளந்தால் போதாது, கைப்பிடிச் சுவர் மட்டத்திலும் அளக்கச் சொல்லுங்கள். பழைய சுவர் சாய்ந்திருக்கும், மேலே நாலு அங்குலம் பக்கத்து மனைக்குள் போயிருக்கும். சன்ஷேடும் மழைநீர்க் குழாயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பக்கத்துக் கடையின் மரக்கட்டைகள் உங்கள் சுவரில் செருகப்பட்டிருக்கின்றனவா என்று மேலேறிப் பாருங்கள். மெட்ராஸ் ஒட்டுத் தளம் போட்ட கடைகளில் கட்டைகளின் நுனி சுவருக்குள் ஒரு சாண் போயிருக்கும். உங்கள் சுவரை எடுத்தால் அவர் கூரை இறங்கும். இதைப் படத்தில் குறித்து, புகைப்படம் எடுத்து, அவரிடம் பேசி, அவர் பக்கம் தாங்குகால் கொடுத்த பிறகே இடிப்பு. பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களையும் அதே நாளில் தேதியோடு பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் கட்டடத்தின் எல்லா விரிசலுக்கும் உங்கள் ஜே.சி.பி.தான் காரணம்.

தகராறு முற்றி நீதிமன்றம் போனால், வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, நில அளவரோடு இடத்தைப் பார்த்து அறிக்கை கேட்பார்கள். ஆணையர் வரும்போது சுவர் நின்றால் அறிக்கையில் சுவர் வரும். பத்திரத்தின் நான்கெல்லையும் அதிலுள்ள அளவும் முரண்பட்டால், பொதுவாக எல்லைக்கே நீதிமன்றங்கள் முன்னுரிமை தருகின்றன. அளவில் நீங்கள் தோற்கும் இடத்தில் எல்லையில் ஜெயிக்கலாம், ஆனால் அந்த எல்லை தரையில் இருக்க வேண்டும்.

மட்டம்

எல்லையோடு அளவை முடிந்தது என்று நினைப்பவர்கள் 2024 டிசம்பர் முதல் வாரத்தை மறந்தவர்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர் அருகே தென்பெண்ணை வெள்ளம் நெடுஞ்சாலையையே மறித்தது. அந்தத் தண்ணீர் எத்தனை கடைகளில் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குச் சுவர்களில் கறை இருக்கிறது.

அந்தக் கறையை இடிப்பதற்கு முன் அளக்க வேண்டும். கறையின் உயரம், கடைத் தளத்தின் மட்டம், தெருவின் நடு மட்டம், சாக்கடையின் அடி மட்டம், தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலின் மட்டம் என எல்லாமே ஒரே குறிப்பு மட்டத்திலிருந்து. அருகிலேயே மாறாத ஒரு சிறுபாலத்தின் மேல்தளத்தைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். கடல் மட்டத்தோடு இணைக்க வேண்டுமானால், அதற்குரிய அரசு மட்டக் குறியிலிருந்தோ டி.ஜி.பி.எஸ். கருவி மூலமோ கொண்டுவரலாம். தோராயமாக அறிய ரயில் நிலையப் பெயர்ப் பலகையே போதும், கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் தார் போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால், பல தெருக்களில் சாலை உயர்ந்து கடை தாழ்ந்துவிட்டது. இரண்டு படி ஏறிப் போன கடைக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். புதுக் கட்டடத்தின் அடித்தள மட்டத்தை இன்றைய சாலையை வைத்து முடிவு செய்தால், பத்து வருஷத்தில் மறுபடி இறங்க வேண்டியிருக்கும். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தம் வைக்க ஆசைப்படுபவர் சாக்கடையின் அடி மட்டத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்படட்டும். அது உங்கள் கீழ்த்தளத்தை விட உயரத்தில் இருந்தால், மின்மோட்டார் ஓடும் வரைதான் அது வண்டி நிறுத்தம்.

மூடிய கிணறு, பழைய கழிவுநீர்த் தொட்டி, மின்வாரியக் கம்பம், தாழ்வாகப் போகும் உயரழுத்தக் கம்பி ஆகியவற்றையும் இதே படத்தில் ஏற்றிவிடுங்கள். மூடிய கிணறு எங்கே என்று கட்டடத்தின் மூத்த வாடகைதாரருக்குத்தான் தெரியும். அதன் மேல் தூண் வந்தால் அஸ்திவாரமே மாறும்.

இடித்தபின் மூலையை மீட்பது

மூலைகள் எல்லாம் மண்ணுக்குள் போகப்போகின்றன. ஆகவே இடிப்பதற்கு முந்தைய வாரம், ஒவ்வொரு மூலையிலிருந்தும் நகராத இரண்டு இடங்களுக்குத் தூரம் எடுத்து எழுதுங்கள். எதிர்க் கட்டடத்தின் மூலை, சிறுபாலத்தின் கைப்பிடி, கோயில் மதில் இவை நல்லவை. மின்கம்பம், மரம், சாலைப் பலகை வேண்டாம், அவை இடம் மாறும். இரண்டு தூரம் இருந்தால் இரண்டு டேப் வைத்து எந்த மேஸ்திரியும் அந்த மூலையைத் திரும்பக் கண்டுபிடிப்பார். மூன்றாவது தூரம் ஒன்று இருந்தால், பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கலாம்.

இடிக்கும்போது அரசு எல்லைக் கல் வெளிப்பட்டால் ஓட்டுநரிடம் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம், தெரியாமல் நடந்தது என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமும் ஆகும். கல்லைச் சுற்றி நாலு செங்கல் அடுக்கி, படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் கொடுத்துவிட்டால் போதும்.

கடைக்கால் கோடு போடும்போது பழைய சுவர் இருந்த இடத்தில் போடாதீர்கள், படத்தில் குறித்த எல்லையிலிருந்து அனுமதி வரைபடம் சொல்லும் இடைவெளியை விட்டுப் போடுங்கள். தூண் கம்பி நிறுத்தியதும், கான்கிரீட் போடும் முன், தனியார் அளவரை மறுபடி ஒரு மணி நேரம் வரவழைத்துத் தூண் மையங்களைச் சரிபார்க்க வேண்டும். தூணை அப்போது மூன்று அங்குலம் நகர்த்த ஒரு மேஸ்திரியும் அரை நாளும் போதும். மேல்தளம் வந்தபிறகு அதே மூன்று அங்குலம் முடிவுச் சான்று கேட்கும் நாளில் கோப்பை நிறுத்தும்.

நெடுஞ்சாலைக்கோ தெரு விரிவுக்கோ போன பரப்பு பட்டாவில் ஏறாமல் இருந்தால், அதற்கான உட்பிரிவு மனுவையும் கட்டட அனுமதி மனுவோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். கட்டடம் எழும்பும் மாதங்களில் அந்தக் கோப்பும் நகர்ந்துகொண்டிருக்கும். கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் கேட்கும் முதல் மூன்று காகிதத்தில் திருத்தப்பட்ட பட்டாவும் ஒன்று.